குடையோடு இறங்கியவன்

ஷரீஃபா தம் வாழ்நாளில் ஒரே ஒரு திரைப்படத்தைத்தான் பார்த்திருக்கிறார். அதையும் முழுமையாகப் பார்க்கவில்லை. ஆயினும் மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்குப் பின்னாலுள்ள சந்தில், பத்து ஆண்டுக் காலம், எந்தத் தமிழ்ப் படத்தைப் பற்றி எவருக்கு ஐயம் எழுந்தாலும் அவரிடமே வந்து கேட்டார்கள்.

அவர் பாலக்காட்டு இராவுத்தர் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளியில் படித்தார். 1948ஆம் ஆண்டு, பதினேழாம் வயதில், மொய்து என்பவருக்கு மனைவியாகி மட்டாஞ்சேரிக்கு வந்தார். மொய்து படகுத்துறை அருகே கயிறும் அரிக்கேன் விளக்கும் விற்கும் கடை வைத்திருந்தார். சந்தில் இருந்த பதினான்கு வீடுகளிலும் பேசியது தமிழ்தான்; ஆனால் எல்லாரும் மலையாளப் பள்ளிக்குப் போனவர்கள். தமிழ் எழுத்தைப் பார்த்தவுடன் படிக்கக்கூடியவர் ஷரீஃபா ஒருவரே. மொய்துவுக்கும் அது வராது.

அந்தச் சந்தின் பெண்கள் சினிமாவுக்குப் போவதில்லை. போகக்கூடாது என்று எவரும் எழுதி ஒட்டவில்லை. போனவர் எவரும் இல்லை, அவ்வளவுதான். ஆண்கள் போனார்கள். மொய்து வெள்ளிக்கிழமைதோறும் கடையை அடைத்துவிட்டு மாலைக் காட்சிக்குப் போவார். திரும்பும்போது வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகம் ஒன்றை மனைவிக்கு வாங்கி வருவார். ஆனால் படத்தை முடிவுவரை அவர் பார்ப்பதில்லை. 1951இல் ஒரு முறை படம் முடியும் முன்பே எழுந்த நெரிசலில் புதிதாக வாங்கிய செருப்பு அவருடைய காலிலிருந்து கழன்று போய்விட்டது. அன்றுமுதல் கடைசி ரீல் தொடங்கும்போதே எழுந்து வந்துவிடுவது அவர் வழக்கமாயிற்று.

"அந்தப் படத்துல அவ பொழச்சாளா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது," என்பார் மொய்து. "என் செருப்பு பொழைக்கலை. அது தெரியும்."

பாட்டுப் புத்தகத்தின் முதல் இரண்டு பக்கங்களில் கதைச் சுருக்கம் இருக்கும். அக்காலத்து வழக்கப்படி அது சரியான இடத்தில் அறுந்து நிற்கும். கத்தி ஓங்கியிருக்கும்போதோ, தாலி கட்டக் கை நீளும்போதோ, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு ஒரு வரி அச்சிட்டுக் கதையை முடித்துவிடுவார்கள்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி முடித்த பிறகு, ஷரீஃபாவின் சமையற்கட்டுக்குப் பின்னாலிருந்த சாய்ப்பில் ஐந்தாறு பெண்கள் கூடுவார்கள். அவர் சுருக்கத்தைப் படித்துக் காட்டுவார். முதல் தடவை அவர் கடைசி வரிக்கு வந்து புத்தகத்தை மூடியபோது, அடுத்த வீட்டுச் சகீலா, "பின்னே?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல ஷரீஃபாவுக்கு வாய் வரவில்லை. படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். படித்தவருக்கே தெரியாது என்றால் எப்படி? ஆகவே அவர் மேற்கொண்டு சொன்னார். கத்தி ஓங்கியவனின் கையைத் தாயார் வந்து பிடித்தாள் என்றார். பெண்கள் பெருமூச்சு விட்டார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவ்வாறே நடந்தது. முடிவை மொய்து பார்த்துவந்து சொல்கிறார் என்று பெண்கள் நினைத்தார்கள். முடிவும் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது என்று மொய்து நினைத்தார். இரண்டையும் ஷரீஃபா மறுக்கவில்லை.

கதை முடிந்ததும் வாதம் தொடங்கும். படங்களின் பெயர்கள் அங்கே வழங்கியதில்லை. ரெண்டு மோதிரம் படம், பாம்பு கடிச்ச படம், கிணத்தடிப் படம் என்று அவர்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

"அந்தக் கடுதாசியை அவ ஏன் பிரிச்சே பார்க்கலை?" என்று சகீலா ஆரம்பிப்பாள். எந்தக் கதையிலும் முதலில் ஓட்டையைக் காண்பவள் அவள். "பிரிச்சிருந்தா அஞ்சு நிமிஷத்துல எல்லாம் தீர்ந்திருக்குமே."

"தீர்ந்திருந்தா உனக்குச் சனிக்கிழமை என்னடி ஜோலி?" என்பார் ஷரீஃபா.

"இல்லக்கா, தமிழ் படிக்கத் தெரியாதவளா இருக்கும். நம்ம மாதிரி," என்பாள் இன்னொருத்தி.

"பெரிய பங்களாக்காரி, படிக்கத் தெரியாதா? பியானோ வாசிக்கறா!"

"பியானோவுக்கு எழுத்து எதுக்கு? எங்க மாமியாருக்கும்தான் எழுத்து தெரியாது. என்னை எப்படி வாசிக்கறாங்க!"

"அக்கா, அவன் வரும்போதெல்லாம் நாய் குரைக்குதுன்னு சொன்னீங்களே, அது நல்ல சீன். அது புஸ்தகத்துல உண்டா?"

"புஸ்தகத்துல எல்லாம் எழுத எடம் ஏது? பங்களான்னா நாய் இருக்கும்ல?"

இவ்வாறு பேசுகையில் மாலைத் தொழுகை அழைப்பு கேட்கும். எழுந்து போவார்கள். தீராத வாதம் அடுத்த வாரத்துக்கு நிற்கும்.

அக்கூட்டத்தில் மெஹருன்னிசா என்பவளும் இருந்தாள். சந்தின் கோடியில் வசித்த முகமது இஸ்மாயிலின் ஒரே மகள். இஸ்மாயில் மிளகுக் கிடங்கில் மேஸ்திரி. மனைவியை இழந்தவர். இருபது ஆண்டு மிளகுத் தூசியில் நின்றதால் மூச்சிரைப்பு நோய் கண்டிருந்தது. மகளை 1956இல், பதினெட்டாம் வயதில், அபூபக்கர் என்ற கப்பல் வேலைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார். திருமணமாகிப் பதினோராம் மாதம், 1957ஆம் ஆண்டு ஜூன் மாத மழையில், அபூபக்கர் கப்பலேறினான். துறைவரை போய் வழியனுப்பும் வழக்கம் அங்குள்ள பெண்களுக்கு இல்லை. அவன் ஒரு தகரப் பெட்டியும் மூங்கில் பிடிபோட்ட கறுப்புக் குடையுமாகச் சந்து வழியே நடந்து போனதை, தன் வீட்டுக் கதவிடுக்கு வழியாக மெஹருன்னிசா பார்த்தாள். எதிர் வரிசையிலிருந்து ஷரீஃபாவும் பார்த்தார்.

ஏடனிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. கப்பல் அலுவலகத்தில் விசாரித்தபோது, ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவன் கப்பல் புறப்படும்போது திரும்பவில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

மெஹருன்னிசா சனிக்கிழமைகளில் பேசாமல் உட்கார்ந்து கேட்பாள். கேட்டதைப் பற்றிக் கருத்துச் சொல்லமாட்டாள். முடிவு நல்லதாக இருந்தால், வீட்டுக்குப் போகும்போது ஷரீஃபாவின் குடத்திலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போவாள். கெட்டதாக இருந்தால் கேட்காமலே போய்விடுவாள். ஷரீஃபா இதைக் கவனித்து வைத்திருந்தார்.

1959ஆம் ஆண்டு மொய்து கொண்டுவந்த ஒரு புத்தகத்தில் கடலோடி ஒருவனின் கதை இருந்தது. மணமான சில மாதங்களில் அவன் கடல் கடந்து போகிறான். கடிதம் நின்றுவிடுகிறது. மனைவியை வேறொருவனுக்கு மணமுடிக்க உறவினர் முற்படுகிறார்கள். மணநாளன்று துறையில் கப்பல் ஊதுகிறது. அவள் மணப்பந்தலை விட்டு ஓடுகிறாள். வந்தது யார்? அவ்வினாவோடு சுருக்கம் நின்றது.

ஷரீஃபா புத்தகத்தை மூடினார். வழக்கத்துக்கு மாறாக, ஒருத்தியும் "பின்னே?" என்று கேட்கவில்லை. அனைவரும் மெஹருன்னிசாவைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அவள் ஷரீஃபாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கப்பல்லேர்ந்து ஒருத்தன் எறங்கறான்," என்றார் ஷரீஃபா. "மொகம் தெரியலை. கையில ஒரு தகரப் பெட்டி." சற்று நிறுத்தினார். நிறுத்தியிருக்க வேண்டியதும் அங்கேதான். "இன்னொரு கையில கறுப்புக் குடை. மூங்கில் பிடி. அந்தக் குடையைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

மெஹருன்னிசா அன்று இரண்டு குவளைத் தண்ணீர் குடித்தாள்.

கப்பக்காரன் படம் என்று அதற்குப் பெயர் ஆயிற்று. மற்றப் படங்களை ஒரு முறை கேட்டால் போதும் என்றிருந்தவர்கள் இதை அவ்வப்போது திரும்பச் சொல்லச் சொன்னார்கள். கேட்பவள் பெரும்பாலும் மெஹருன்னிசாதான். சகீலா குறை காணாத ஒரே கதையும் அதுதான்.

1961இல் நான்காண்டு நிறைந்தது. கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியாவிட்டால் மணவிலக்குக் கேட்கலாம் என்ற சட்டத்தை எவரோ இஸ்மாயிலிடம் சொன்னார்கள். அவர் வக்கீலைக் கண்டு மனுவும் எழுதி வாங்கிவிட்டார். சுள்ளிக்கல்லில் தையற்கடை வைத்திருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், குழந்தை இல்லாதவர், பெண்ணை மணந்துகொள்ளச் சம்மதித்தார். நோன்பு பிறக்கும்வரை காத்திருப்பதாகவும், மனு போட்டுவிட்டால் தீர்ப்பு வரும்வரை எத்தனை மாதமானாலும் பொறுப்பதாகவும் சொல்லியனுப்பினார். வேண்டியது ஒன்றே. மனுவின் அடியில் மெஹருன்னிசா கையெழுத்திட வேண்டும். அவள் இடமாட்டேன் என்றாள்.

இந்நிலையில்தான் கனகாம்பாள் அச்சந்துக்குக் குடிவந்தாள். அவள் கணவர் ஓர் ஓட்டலில் சரக்கு மாஸ்டர். பாலக்காட்டிலிருந்து வேலை மாறி வந்தவர். மனைவியைச் சினிமாவுக்கு அழைத்துப்போகும் இயல்புடையவர். கனகாம்பாள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்த முதல் நாளிலேயே, புதியவளுக்காகக் கப்பக்காரன் படத்தைச் சொல்லுமாறு மெஹருன்னிசா கேட்டாள். ஷரீஃபா சொன்னார். குடை வந்த இடத்தில் கனகாம்பாள் குறுக்கிட்டாள்.

"குடையா? ஏது குடை? அவன் வரவே மாட்டானேக்கா!"

சாய்ப்பில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறங்கள் நின்றன.

"நான் பாலக்காட்டுல ரெண்டு வாட்டி பார்த்தேன். அவன் செத்துட்டான். எறங்கறது அவனோட கூட்டாளியாக்கும். பெட்டியைக் கொண்டாந்து இவ கையில தருவான். இவ பெட்டியைத் தொறந்து, அந்தச் சட்டையை எடுத்து மோந்து பார்ப்பா. கொட்டகையே அழுதது. என்னோட வீட்டுக்காரர்கூட."

"எந்தப் படத்துக்குப் போயிட்டு எந்தக் கதையைச் சொல்றீங்க?" என்றாள் சகீலா. "சட்டை பெட்டிக்குள்ள இருக்குன்னா, அவன் எதைப் போட்டுக்கிட்டு மவுத்தானான்?"

"ஒருத்தனுக்கு ஒரு சட்டைதானா?"

"நாலு வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு பெட்டியைக் கொடுத்து அனுப்பறதுக்கா ஒரு படம்? அதுக்கு மொதல்லயே தந்தி அடிச்சிருக்கலாமே!"

"அதானே நல்ல சீனு! மொகத்தைக் காட்டாம கூட்டிட்டு வந்து, அவ கிட்டக்கப் போனப்பறம்தான் காட்டுவான். எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு."

"நெஞ்சு நிக்கறதுக்கு எதுக்கு சினிமாவுக்குப் போகணும்? எங்க மாமியார் கூப்பிட்டா போதும்."

பெண்கள் சிரித்தார்கள். மெஹருன்னிசா சிரிக்கவில்லை.

"ஷரீஃபாக்கா," என்றாள், "நீங்க சொல்லுங்க."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கனகாம்பாள் பார்த்தவள்; தாம் பார்த்ததில்லை, பார்த்தவரிடம் கேட்டதுமில்லை. பத்தாண்டு முடிவுகள் அத்தனையும் ஒரே நாளில் சரியும் என்பதை அவர் எண்ணினார். மெஹருன்னிசாவின் கை மடியிலிருந்த முறத்தின் விளிம்பைப் பிடித்திருந்ததையும் பார்த்தார்.

"பாலக்காட்டுல ஒரு மாதிரி காட்டியிருப்பாங்க," என்றார். "இங்கே வேற மாதிரி."

"அப்படியும் உண்டோ?" என்று கனகாம்பாள் வியந்தாள். புதிதாக வந்தவளாதலால் அதற்குமேல் வாதாடவில்லை.

நோன்புக்கு ஒரு மாதம் இருக்கையில் ஒரு நாள் முற்பகலில் இஸ்மாயில் ஷரீஃபாவின் வீட்டு வாசலுக்கு வந்தார். படியேறி வந்த இரைப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கதவுக்குப் பின்னால் நின்று ஷரீஃபா கேட்டார்.

"அவ ஒரே சொல்லுல நிக்கறா, பாத்தும்மா. எங்கியோ ஒரு படத்துல புருஷன் கல்யாணத்தன்னிக்கு வந்துட்டானாம். இவனும் வருவானாம். நான் இன்னும் எத்தனை மழை காண்பேன்? எனக்கப்புறம் அவளுக்கு யார் உண்டு?" மூச்சு வாங்கினார். "நீ சொன்னா கேப்பா. உன் பேச்சுன்னா அவளுக்கு வேதவாக்கு."

பாத்தும்மா என்பது ஷரீஃபாவின் பெயரன்று. வயதில் இளைய பெண்களை இஸ்மாயில் அன்போடு அழைக்கும் பெயர். அவர் தள்ளாடிப் போவதைச் சந்தே பார்த்தது. மெஹருன்னிசாவும் பார்த்தாள்.

மறுநாள் ஷரீஃபா அவளைத் தனியாக அழைத்துச் சாயா கொடுத்தார். பிறகு சொன்னார்.

"மெஹரு, அந்தப் படத்தோட முடிவு நான் கட்டினது."

"எதை?"

"குடையை. அவன் வந்ததை. எல்லாத்தையும். புஸ்தகத்துல முடிவு இல்லை. எந்தப் புஸ்தகத்துலயும் இருக்காது. மீதியை சினிமாவுல போய்ப் பாருன்னு போட்டிருப்பான்."

"மொய்து அண்ணன் பார்த்துட்டு வந்து சொல்வாரே."

"உங்கண்ணன் முடிவு பார்த்ததே இல்லை. செருப்பு போயிடும்னு எந்திரிச்சு வந்துடுவாரு."

மெஹருன்னிசா கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. ஒருவகை இரக்கம் இருந்தது.

"அத்தா நேத்து இங்கே வந்தாங்க, இல்லையா?"

"வந்தாங்க. ஆனா அதுக்காக..."

"அத்தா பாவம். நீங்களும் பாவம். எனக்காகப் பொய் சொல்றீங்க. செருப்புக்காகப் பத்து வருஷம் முடிவு பார்க்காத ஒரு மனுஷன் இருப்பானாக்கா? கட்டறதா இருந்தா இன்னும் கொஞ்சம் நல்லாக் கட்டுங்க."

ஷரீஃபா புத்தகத்தை எடுத்துவந்து கடைசி வரியைக் காட்டினார். மெஹருன்னிசாவுக்கு அந்த எழுத்து தெரியாது. விரல் வைத்துப் படித்துக் காட்டினார். அவள் கேட்டுக்கொண்டாள். ஷரீஃபா விரும்பினால் அந்தத் தாளிலிருந்து எதையும் படித்துக்காட்டிவிட முடியும் என்பது இருவருக்கும் தெரிந்த செய்திதான்.

இனி ஒரே வழிதான் மிஞ்சியது. சுள்ளிக்கல்லுக்கு அப்பால் பழைய படங்களை ஓட்டும் சிறிய கொட்டகை ஒன்றில் அப்படம் மீண்டும் வந்திருப்பதாகக் கனகாம்பாள் செய்தி கொண்டுவந்தாள். ஷரீஃபா கணவரிடம் கேட்டார். மொய்து முதலில் சிரித்தார். பிறகு பயந்தார். பள்ளிவாசல்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றார். ஷரீஃபா நான்கு நாள் கேட்டார். பதினான்காண்டு இல்லறத்தில் அவர் எதையும் நான்கு நாள் தொடர்ந்து கேட்டதில்லை. ஆகையால் மொய்து இணங்கினார்.

1962ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு, வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஷரீஃபாவும் மெஹருன்னிசாவும், கனகாம்பாளும், முன்னால் பத்தடி தள்ளி மொய்துவும் போனார்கள். மனு இஸ்மாயிலின் பெட்டியில் தயாராக இருந்தது. படத்தைப் பார்த்த பிறகு ஷரீஃபாக்கா சொல்வதே உண்மை என்று தெரிந்தால், அன்று மாலையே கையெழுத்திடுவதாக மெஹருன்னிசா ஒப்புக்கொண்டிருந்தாள்.

ஷரீஃபாவுக்கு அது முதல் படம். ஆனால் அவர் படத்தை ரசிக்கவில்லை. எத்தனை இடங்களில் தாம் சொன்னதும் திரையும் ஒத்துப்போகின்றன என்பதைக் கண்டு நடுங்கினார். கதாநாயகி விளக்கைத் தூண்டிவிடும் இடம் அப்படியே இருந்தது. மறுமணத்துக்கு மாமன் வற்புறுத்தும் இடமும் அவ்வாறே. மெஹருன்னிசா ஒவ்வோர் இடத்திலும் அவர் பக்கம் திரும்பித் தலையசைத்தாள்.

மணப்பந்தல் வந்தது. கப்பல் ஊதியது. கதாநாயகி ஓடினாள். ஒருவன் படிக்கட்டில் இறங்கினான். முகம் நிழலில் இருந்தது. கையில் பெட்டி இருந்தது. கதாநாயகி அவனை நோக்கிக் கைகளை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். இசை உயர்ந்தது.

"இப்பத்தான்," என்று கனகாம்பாள் ஷரீஃபாவின் முழங்கையைப் பிடித்தாள். "இப்ப மொகத்தைக் காட்டுவான்."

திரை வெளுத்தது. வணக்கம் என்று எழுதிய ஸ்லைடு திரையில் விழுந்தது. விளக்குகள் எரிந்தன.

மக்கள் எழுந்து வாசலை நோக்கி நகர்ந்தார்கள். முன்வரிசையில் இருவர் ஏதோ கூச்சலிட்டார்கள். மற்றவர்கள் மகிழ்ச்சியாகவே போனார்கள். ஷரீஃபா எழவில்லை. இன்னும் இருக்கிறது, விளக்கை அணைப்பார்கள் என்று வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகாம்பாள் வாசலில் சீட்டுக் கிழிக்கும் நாணுவிடம் போய்ச் சண்டை பிடித்தாள்.

"இன்னும் ஒரு ரீல் உண்டே! எங்கே அது?"

"கடைசி ரீல் கேடாயிப்போச்சு சேச்சி. இத்ரயே உள்ளூ, இவ்வளவுதான்," என்றான் நாணு. "படம் கண்டவங்க எல்லாம் சந்தோஷமாயிட்டுத்தானே போறாங்க?"

"மெஹரு, கேட்டியா? கடைசி ரீல் கெட்டுப்போச்சாம். அதுலதான் இருக்கு," என்றார் ஷரீஃபா. அவர் குரல் உயர்ந்துவிட்டது. பொது இடத்தில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான். "அவனைக் கேளு. எறங்கினது கூட்டாளி. கேளு."

மெஹருன்னிசா நாணுவைக் கேட்கவில்லை. துப்பட்டியின் விளிம்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகம் குளித்ததுபோல் இருந்தது.

"வந்துட்டானேக்கா. என் கண்ணாலே பார்த்தேனே." பிறகு, ஆறுதல் சொல்பவளைப்போல, "குடை மட்டும்தான் இல்லை. அன்னிக்கு மழை இல்லை, அதான்," என்றாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மொய்து வந்தார். பத்து ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு படத்தை இறுதிவரை பார்த்த பெருமிதம் அவரிடம் இருந்தது.

"புஸ்தகத்துல சரியாத்தான் போட்டிருக்கான்டி," என்று மனைவியிடம் சொன்னார். "நீ எப்பவும் சொல்ற அதே முடிவுதான்."

வழி நெடுக மொய்து பத்தடி முன்னால் நடந்து, அந்த முடிவு எப்படி நன்றாக இருந்தது என்பதைத் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். மெஹருன்னிசா தலையசைத்துக்கொண்டு வந்தாள். கனகாம்பாள் மட்டும், "பெட்டி, சட்டை," என்று முணுமுணுத்தாள். பிறகு அவளும் ஓய்ந்துவிட்டாள். சந்துக்குள் நுழைகையில், தான் பார்த்தது வேறு படமாகவும் இருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னாள்.

நோன்பு பிறந்தது. மனுவில் கையெழுத்து விழவில்லை. பெருநாள் கழிந்து தையற்காரர் ஆலுவாவில் பெண்ணெடுத்தார்.

ஷரீஃபா சனிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்திவிட்டார். கண் வலிக்கிறது என்றார். மொய்து பழக்கத்தை விடாமல் புத்தகங்களைக் கொண்டுவந்தார். அவை படிக்கப்படாமலே பரணில் சேர்ந்தன. சகீலா சிலமுறை கேட்டுப்பார்த்தாள். "நீங்க சொல்லாட்டி நாங்க என்னத்தைத்தான் குறை சொல்றது?" என்று வருந்தினாள். அக்கூட்டம் கலைந்ததற்கு அவள் கனகாம்பாளையே கடைசிவரை பழித்தாள்.

அபூபக்கரைத் தேட ஷரீஃபா தம்மால் இயன்றதைச் செய்தார். மொய்துவின் கடைக்குக் கயிறு வாங்கவரும் கப்பல்காரர்கள் ஒவ்வொருவரிடமும் அவன் பெயரைச் சொல்லி விசாரிக்கச் சொன்னார். அவன் இறந்தான் என்று ஒரு சொல் கிடைத்தாலும் போதும் என்று எண்ணினார். அப்படி எண்ணியதற்காக அன்றைய தொழுகையில் மன்னிப்பும் கேட்டார். ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

1964ஆம் ஆண்டு ஆடி மழையில் இஸ்மாயில் காலமானார். கையெழுத்தில்லாத மனு அவர் பெட்டியில், சலவை வேட்டியின் அடியில் மடித்தபடி இருந்தது. மெஹருன்னிசா அதைக் கிழிக்கவுமில்லை, எரிக்கவுமில்லை, பெட்டியிலேயே வைத்துவிட்டாள். பின்னர்ச் சுக்குக் கிடங்கில் தோல் சீவும் பெண்களோடு வேலைக்குப் போகத் தொடங்கினாள். விடுமுறை நாளில் ஷரீஃபாவின் வீட்டுக்கு வருவாள். வந்தால் ஒன்றே ஒன்றைக் கேட்பாள். கண் வலிக்கிறது என்று அவளிடம் சொல்ல இயலாது. அந்தக் கதைக்குப் புத்தகம் தேவையில்லை.

ஷரீஃபா பலமுறை பலவிதமாக முயன்றிருக்கிறார். ஒருமுறை கதையைக் கப்பல் ஊதும் இடத்திலேயே நிறுத்திவிட்டார். மெஹருன்னிசா பொறுமையாகக் காத்திருந்து, "பின்னே?" என்றாள். இன்னொருமுறை துணிந்து, இறங்கியவன் கூட்டாளி என்றே சொன்னார். அவள் எழுந்து, தண்ணீர் கேட்காமல் போனாள். ஐந்து வாரம் வரவில்லை. ஆறாம் வாரம் ஷரீஃபா தாமே அவள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

1967ஆம் ஆண்டு ஜூன் மாதம், அவன் போய்ப் பத்தாண்டு நிறைந்த வாரத்தில், மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் மெஹருன்னிசா வந்தாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. விரல்கள் சுக்கின் காரம் ஏறிச் சிவந்திருந்தன. சாய்ப்பில், அவள் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

ஷரீஃபா தொடங்கினார். விளக்கைத் தூண்டிவிட்டார், கடிதத்தை நிறுத்தினார், மாமனைப் பேசவைத்தார், பந்தல் போட்டார். கப்பலை ஊதவைத்தார். அவளை ஓடவிட்டார்.

"ஒருத்தன் எறங்கறான்," என்றார். "மொகம் தெரியலை. கையில தகரப் பெட்டி."

வெளியே தாழ்வாரத்து ஓட்டிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. மெஹருன்னிசா காத்திருந்தாள்.

"குடை?" என்றாள்.

"உண்டு," என்றார் ஷரீஃபா. "கறுப்புக் குடை. மூங்கில் பிடி."

மெஹருன்னிசா எழுந்து, குடத்தருகே போய்க் குவளையை எடுத்து நீட்டினாள். ஷரீஃபா தண்ணீர் வார்த்தார்.